வேலை நாளுக்குள் ஐந்து வக்து: தொழுகையையும் ஓதலையும் விடாமல் நடத்த ஒரு முழு வழிகாட்டி

"வேலை கொஞ்சம் ஓயட்டும், அப்புறம் ஒழுங்காகத் தொழ ஆரம்பிக்கிறேன்." இதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வேலை ஓயவில்லை. ஒரு பொறுப்பு போனால் அதைவிடப் பெரியதாக இன்னொன்று வந்தது. நாளின் இடுக்கில் எங்கேயாவது தொழுகையைச் செருகிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இடுக்கு ஒன்று கிடைத்தால் அதில் முதலில் வந்து உட்காருவது போன்தான்.

தொழுகை நம்பிக்கையாளர்களுக்கு நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது குர்ஆன் (4:103). நேரம் குறிக்கப்பட்டது என்பதை நான் வெகுகாலம் சுமையாகத்தான் படித்தேன். இப்போது அதுவே வசதியாகத் தெரிகிறது. பந்தல் போடும்போது முதலில் கால்களை நட்டுவிட்டு அப்புறம்தான் மேலே ஓலை பரப்புவார்கள். ஐந்து வக்தும் (தொழுகை நேரங்களும்) நட்ட கால்கள். மீதி நாளை அவற்றின் மேல் பரப்ப வேண்டியதுதான்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

ஒரு நாளின் ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மொத்தம் 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). சுபுஹ் (அதிகாலை) 2, லுஹர் (நண்பகல்) 4, அஸர் (பிற்பகல்) 4, மஃரிப் (அந்தி) 3, இஷா (இரவு) 4. ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒளுவோடு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதோடு) சேர்த்து நிதானமாகத் தொழுது பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐந்தும் சேர்ந்து ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். "நேரமே இல்லை" என்ற புகாரின் உண்மையான அளவு அவ்வளவுதான். அன்று இரவே போனில் திரை நேரக் கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அடுத்து ஒரு தாளில் உங்கள் வழக்கமான நாளை எழுதி, அதன் பக்கத்தில் ஐந்து வக்தும் எப்போது தொடங்கி எப்போது முடிகின்றன என்று எழுதுங்கள். வக்து என்பது ஒரு நொடி இல்லை, ஒரு கால அளவு. லுஹருக்கும் இஷாவுக்கும் தாராளமான இடம் உண்டு. சுபுஹும் மஃரிபும் குறுகலானவை. சுபுஹ் சூரியன் உதித்தவுடன் போய்விடும், மஃரிப் அந்திச் செம்மை மறைவதோடு போய்விடும். அஸர் சூரியன் மறையும்வரை உண்டு என்றாலும், வெயில் மஞ்சளாகும்வரை இழுத்துவைப்பது வெறுக்கப்பட்டது.

எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியவரும். ஐந்துமே சிக்கலாக இருக்காது. அலுவலகத்தில் இருப்பவருக்கு அநேகமாக அஸரும் வீடு திரும்பும் வழியில் வரும் மஃரிபும். மாணவருக்குச் சுபுஹ். இரவுப் பணியாளருக்கு லுஹர். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு இஷா. உங்களுடைய இரண்டு எவை என்று கண்டுபிடியுங்கள். அடுத்த ஒரு மாதம் மெனக்கெட வேண்டியது அந்த இரண்டோடு மட்டும்.

படி 2: ஆப்பின் அமைப்பைத் திறந்து பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. பாங்கு சொல்லும் ஆப்பை இறக்கி, அது காட்டும் நேரத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். சுபுஹும் இஷாவும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. முஸ்லிம் உலக லீக் முறையில் சுபுஹுக்கு 18 பாகை, இஷாவுக்கு 17. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் முறையில் இரண்டுக்கும் 15. எகிப்து முறையில் 19.5, 17.5. உம்முல் குரா முறையில் சுபுஹ் 18.5 பாகை, இஷாவோ மஃரிபுக்குப் பின் 90 நிமிடம், ரமலானில் 120 நிமிடம்.

3 பாகை வித்தியாசம் என்றால் குறைந்தது 12 நிமிடம். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது கூடும். தொழுகைக்கு மட்டுமில்லை, நோன்பில் சஹரை (விடியலுக்கு முந்தைய உணவை) எப்போது நிறுத்துவது என்பதற்கும் இது பொருந்தும். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அதையே ஆப்பிலும் வையுங்கள்.

அஸருக்குத் தனி அமைப்பு இருக்கும். பொருளின் நிழல் (நண்பகலில் இருந்த நிழல் நீங்கலாக) ஒரு மடங்கானதும் அஸர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் (மார்க்கச் சட்டப் பள்ளிகளின்) நிலை. ஹனஃபியில் இரு மடங்கு. வட அட்சம் 48.5 பாகைக்கு மேலே வசிப்பவர்களுக்குக் கோடையில் சில வாரங்கள் சூரியன் 18 பாகைக்குக் கீழே இறங்கவே இறங்காது, ஆகவே இஷா நேரமே கணக்கில் வராது. அங்கே உள்ளூர் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) வகுத்திருக்கும் முறையைப் பின்பற்றுவதுதான் சரி. ஆப் தானாகப் போடும் நேரத்தை வைத்துக் குழம்ப வேண்டாம்.

கிப்லாவுக்குப் (தொழும்போது நோக்கும் கஅபாவின் திசைக்கு) போன் திசைகாட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் இரும்பு மேசை, மடிக்கணினி, காந்தம் உள்ள போன் உறை ஆகியவற்றிலிருந்து விலகி நின்று பாருங்கள். நான் ஒரு வருடம் இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த திசையில் தொழுதிருக்கிறேன். சந்தேகம் தீர வேண்டுமா? வருடத்தில் இரண்டு முறை, மே 27 அல்லது 28, ஜூலை 15 அல்லது 16 தேதிகளில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும். மக்கா நேரம் மே மாதத்தில் பகல் 12:18, ஜூலையில் 12:27. அந்த நிமிடத்தில் உங்கள் இடத்தில் பகலாக இருந்தால், சூரியன் இருக்கும் திசையே கிப்லா. ஜன்னலில் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் அப்புறம் எந்த ஆப்பும் வேண்டாம்.

படி 3: வேலையிடத்தில் லுஹரும் அஸரும்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். காரணம் நேரமில்லாமை என்று சொல்லிக்கொள்வோம். என் விஷயத்தில் அது கூச்சம்.

பழைய அலுவலகம் ஒன்றில் இரண்டு வருடம் படிக்கட்டு முடிவில், பழைய நாற்காலிகள் போட்டிருந்த மூலையில் ஒளிந்து தொழுதேன். யாராவது வரும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடைசியில் மேலாளரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "இதை ஏன் முன்பே கேட்கவில்லை?" எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. "எனக்குத் தொழுகை வசதி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எதிரே இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்றே புரியாது. "மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், ஒரு காலி அறை அல்லது மூலை, வேலை தேங்காது" என்று அளவாகச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துச் சொல்வது இரண்டு பக்கமும் சங்கடம்.

சொன்ன பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கட்டும். தொழப் போகிறேன் என்று எழுந்து தேநீர், அரட்டை எல்லாம் முடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வருகிறவர், தனக்குப் பின்னால் வரப்போகும் இன்னொருவரின் வாய்ப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

அனுமதி கிடைத்ததும் இரண்டு நேரத்தையும் நாள்காட்டியில் தினசரிக் கூட்டம் மாதிரிப் பதிந்துவிடுங்கள். வேறு கூட்டம் அதன் மேல் விழாது. பருவம் மாறும்போது அஸர் நகரும் என்பதால் மாதம் ஒரு முறை திருத்த வேண்டும்.

ஒளுதான் அடுத்த தலைவலி. கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கிவைத்து, தரையெல்லாம் நீராக்கி, பக்கத்தில் நிற்பவர் முறைப்பதைப் பார்த்தும் பார்க்காமலும் வெளியே வருவது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளு செய்திருக்கிறார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இருக்கிறது. இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவு அது. உறுப்புகளை ஒவ்வொரு முறை மட்டும் கழுவியும் செய்திருக்கிறார்கள். ஆக, ஒரு தண்ணீர் பாட்டிலும் சிறிய துண்டும் போதும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒளுவோடு கிளம்பினால் பல நாள் லுஹர்வரை அது நிற்கும்.

காலைக் கழுவுவதுதான் சிரமம் என்றால் குஃப் என்ற தோல் காலுறையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். முழுமையாக ஒளு செய்த நிலையில் அதை அணிந்திருந்தால், அதன் பிறகு ஒளு முறிந்தாலும் கழற்றாமல் மேலே ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் என்பது அலீ (ரலி) அறிவிப்பு. மெல்லிய சாக்ஸின் மேல் தடவுவதில் கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று தாவ வேண்டாம்.

இடம் கிடைக்கவில்லை என்றால்? பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸ் நமக்கெல்லாம் மனப்பாடம். கார் நிறுத்துமிடத்தில் சுத்தமான மூலை, கூட்ட அறை, நூலகத்தின் கடைசி வரிசை என எதுவும் ஆகும். பையில் மடித்துவைக்கும் மெல்லிய முஸல்லா (தொழுகை விரிப்பு) ஒன்று இருக்கட்டும். வழியை அடைத்து நிற்காதீர்கள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜும்ஆவுக்கு (வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகைக்கு) அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு விரையுங்கள் என்று சொல்லும் குர்ஆன், அடுத்த வசனத்திலேயே தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது (62:9, 10). முழு நாள் விடுப்பைக் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் குத்பா (உரை) எப்போது தொடங்கும், போய் வர எவ்வளவு நேரம் என்று தெரிந்துவைத்து, அன்று காலை சீக்கிரம் வந்தோ மாலை தாமதித்துப் போயோ ஈடுகட்டிவிடலாம்.

படி 4: சுபுஹ் முந்தைய இரவில் தொடங்குகிறது

ஐந்து அலாரம் வைத்து ஐந்தையும் அணைத்தவர்கள் நிறைய. இரவு ஒரு மணிக்குப் படுத்தவரை எந்த அலாரமும் எழுப்பாது. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபிகளார் வெறுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. அப்போது பேச்சு, இப்போது திரை. போன் படுக்கை அறைக்கு வெளியே தூங்கட்டும், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குங்கள். அதை எழுந்து நடந்தால்தான் அணைக்க முடிகிற தூரத்தில் வையுங்கள்.

தூங்குகிறவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுப் போடுகிறான், எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று, ஒளு செய்தால் ஒன்று, தொழுதால் ஒன்று என அவிழும் என்ற ஹதீஸை நான் எழுந்திருக்கும் வரிசையாகவே எடுத்துக்கொண்டேன். படுக்கையில் கிடந்தபடி "தொழலாமா, இன்னும் பத்து நிமிடமா" என்று மனதோடு பேரம் பேச ஆரம்பித்தால் தோல்விதான். வாயால் துஆவை (பிரார்த்தனையை) சொல், தண்ணீரிடம் போ. முடிவெடுப்பதெல்லாம் முகத்தில் நீர் பட்ட பிறகு.

தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) ஆசை நல்லது. ஆனால் சுபுஹே தடுமாறும்போது அதில் கை வைக்காதீர்கள். தம் உற்ற தோழர் (நபிகளார்) தமக்கு மூன்றை வலியுறுத்தினார்கள் என்று அபூஹுரைரா (ரலி) சொல்வது: மாதம் மூன்று நோன்பு, லுஹா (முற்பகல் தொழுகை) இரண்டு ரக்அத், தூங்கும் முன் வித்ரு (இரவின் ஒற்றைப்படைத் தொழுகை). பின்னிரவில் எழுவேன் என்ற உறுதி இல்லாதவர் வித்ரைத் தொழுதுவிட்டே படுக்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியலை நான் பார்த்ததில்லை.

படி 5: கவனத்தைத் திருடுவதை அப்புறப்படுத்துங்கள்

நபிகளார் ஒருமுறை வேலைப்பாடுள்ள ஓர் ஆடையில் தொழுதார்கள். தொழுது முடித்ததும் அதைத் தோழர் அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவருடைய சாதாரண ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள். அதன் வேலைப்பாடு தம் கவனத்தைத் திருப்பிவிட்டது என்றார்கள். அவர்களே அப்படிச் செய்திருக்கும்போது, சட்டைப் பையில் அதிரும் போனோடு நின்றுகொண்டு மனம் ஒன்றவில்லையே என்று நாம் வருந்துவதில் என்ன இருக்கிறது? விமானப் பயன்முறை, அல்லது வேறு அறை. சாப்பாடு வந்துவிட்டால் முதலில் சாப்பிடச் சொன்னதும், இயற்கை உபாதையை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்றதும் இதே காரணத்துக்காகத்தான்.

தொழுகைக் கணக்கை வைத்து, தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று காட்டும் ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை. 40 நாள் எண்ணிக்கை 41ஆம் நாள் அறுந்தபோது தொழுகைமீது இருந்த ஆர்வமும் சேர்ந்து அறுந்தது. உங்களுக்கு உதவினால் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஓதுவதற்குச் சிறிய, அறுபடாத பங்கு

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல், குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவது என்பது ஆயிஷா (ரலி) அறிவிப்பு. கணக்கைப் பாருங்கள். மதீனா பதிப்புக் குர்ஆன் 604 பக்கம். தினமும் இரண்டு பக்கம் என்றால் 302 நாளில் முடிந்துவிடும், வருடத்தில் மீதிநாள் உங்கள் கையில். ரமலானில் ஒவ்வொரு ஃபர்ளுக்குப் பின்னும் 4 பக்கம் ஓதினால் நாளுக்கு 20 பக்கம், ஏறக்குறைய ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பங்கு). ஐந்து துண்டாக வெட்டினால் மலை சிறிதாகிவிடுகிறது.

பங்கை ஒரு தொழுகையோடு கட்டிவையுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்காது. என்னுடையது சுபுஹுக்குப் பின், முஸல்லாவிலிருந்து எழுவதற்கு முன். பயணத்தில் கேட்பதும் நல்லதுதான், ஆனால் அது ஓதுவதன் இடத்தை எடுத்துக்கொள்ள விடாதீர்கள். வாரம் ஒருநாளாவது அந்த இரண்டு பக்கத்தின் தமிழாக்கத்தையும் படியுங்கள்.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) இளமையில் தினமும் நோன்பு வைப்பேன், ஒவ்வோர் இரவும் குர்ஆனை முடிப்பேன் என்று நின்றார். மாதம் ஒரு முறை ஓது என்று தொடங்கிய நபிகளார், அவர் வற்புறுத்த வற்புறுத்த எண்ணிக்கையைக் கூட்டினார்கள். முதுமையில் அவர், அன்றைக்கு அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று சொன்னார். புதிதாக ஆரம்பிக்கும் வேகத்தில் இருப்பவர்கள் அந்த முதுமைப் பேச்சைக் கேட்க வேண்டும்.

படி 7: பயணம், இரவுப் பணி, நோய்

சலுகைகளைத் தெரியாததால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒருவர் இல்லாத சலுகையை எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் இருக்கும் சலுகையை எடுக்காமல் தொழுகையையே விட்டுவிடுகிறார்.

சுமார் 80 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்தில் நான்கு ரக்அத் ஃபர்ளுகள் இரண்டாகச் சுருங்கும். தினமும் அலுவலகம் போய்வரும் சிறு தூரத்துக்கு இது பொருந்தாது. போன ஊரில் தங்கினால் ஹனஃபியில் 15 நாள், ஷாஃபிஈயில் போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க முடிவுசெய்தால் பயணி என்ற நிலை போய்விடும். இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது ஷாஃபிஈயில் பயணத்தில் ஆகும், ஹனஃபியில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும். நீண்ட அறுவைச் சிகிச்சையில் நிற்கும் மருத்துவர், வெளியே வர முடியாத தேர்வில் இருப்பவர் போன்றவர்களுக்கு, வழக்கமாக்காமல் தேவைக்குச் சேர்க்கலாம் என்ற கருத்தும் அறிஞர்களிடம் இருக்கிறது. மதீனாவில் அச்சமும் மழையும் இல்லாமலே நபிகளார் ஒருமுறை சேர்த்துத் தொழுதார்கள் என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பே அதற்கு ஆதாரம். உங்கள் வேலை அப்படிப்பட்டதுதானா என்பதை நீங்களே தீர்மானிக்காமல் ஓர் ஆலிமிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

ஓடும் பேருந்திலும் ரயிலிலும் உட்கார்ந்த இடத்திலேயே நஃபில் (கடமையல்லாத உபரித் தொழுகை) தொழலாம். நபிகளார் வாகனம் போகும் திசையிலேயே நஃபில் தொழுதிருக்கிறார்கள், ஃபர்ளுக்கு இறங்கினார்கள்.

இரவுப் பணிக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். சுபுஹ் விழித்திருக்கும் நேரத்தில் வருவதால் எளிது, லுஹர் உறக்கத்தின் நடுவில் விழும். வீடு வந்து படுக்கும்போது அஸருக்கு முக்கால் மணி முன்பாக ஓர் அலாரம் வையுங்கள். லுஹரை அதன் கடைசிப் பகுதியில் தொழுதுவிட்டு, கொஞ்சம் காத்திருந்து அஸரையும் தொழுதுவிட்டு மறுபடி படுக்கலாம். உறக்கம் ஒரு முறைதான் கலையும்.

நோயில் நின்று, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. நோன்பில் நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்கள் உண்டு (2:184). நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் ரமலானுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் நோன்பன்று யோசிக்கும் விஷயமில்லை இது.

படி 8: வீட்டில் இருப்பவர்களின் பங்கு

நபித்தோழர் ஸல்மான் ஃபாரிசி (ரலி) இன்னொரு தோழரான அபூதர்தாவின் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி பராமரிப்பின்றி இருப்பதைக் கண்டார். அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அவரைச் சாப்பிடவைத்து, தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பித் தாமும் சேர்ந்து தொழுதுவிட்டு ஸல்மான் சொன்னார்: உன் இறைவனுக்கும் உன் உடலுக்கும் உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு. ஸல்மான் சொன்னது சரி என்றார்கள் நபிகளார்.

கணவர் ஜமாஅத்துக்குப் (கூட்டுத் தொழுகைக்கு) போய் வரும்வரை அழும் குழந்தையோடு தனியாக நிற்பது யார் என்று ஒருநாள் பாருங்கள். ஒருவர் தொழும்போது மற்றவர் குழந்தையை வைத்திருப்பது என்று முறை வைத்துக்கொண்டால் இருவருடைய தொழுகையும் நிதானப்படும். ஆள் இல்லாதபோது குழந்தை முதுகில் ஏறினால் ஏறட்டும். பேத்தி உமாமாவைச் சுமந்தபடி நபிகளார் தொழுதிருக்கிறார்கள், ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) இறக்கிவைத்து, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். மாதவிடாயால் தொழுகை இல்லாத நாட்களில் பெண்கள் அதே நேரத்தில் திக்ரும் (இறைநினைவும்) துஆவும் வைத்துக்கொண்டால் வழக்கம் அறுபடாது.

படி 9: வருடத்துக்கு ஒரு முறை

ஹிஜ்ரி வருடம் சுமார் 354 நாள், எனவே ரமலான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் வரும். வருட ஆரம்பத்திலேயே கடைசிப் பத்து நாட்களைக் குறித்து விடுப்பு கேட்டுவிடுங்கள். முழு விடுப்பு கிடைக்காவிட்டால் அரை நாட்களாக. ஜகாத்துக்கு (செல்வத்திலிருந்து கொடுக்கும் கட்டாயக் கொடைக்கு) ஒரு ஹிஜ்ரி தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கையிருப்பு 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டி ஒரு வருடம் நிறைந்திருந்தால் 2.5 விழுக்காடு.

படி 10: விட்டுப்போனால்

விட்டுப்போகும். தூங்கியோ மறந்தோ தவறவிட்டவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்பது ஹதீஸ். காலை எட்டு மணிக்கு விழித்தால் சுபுஹ் அப்போதே. "இன்றைய நாள் போய்விட்டது, நாளையிலிருந்து புதிதாக" என்று மனம் சொல்லும். அதைக் கேட்டு லுஹரையும் விட்டுவிடாதீர்கள். பல வருடக் களா (விட்டுப்போன தொழுகை) பாக்கி இருப்பவர்கள், ஒவ்வொரு வக்திலும் அன்றைய ஃபர்ளோடு பழைய ஃபர்ளு ஒன்றையும் சேர்த்துத் தொழுதுவரலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வருகிறேன், ஐந்தைந்தாக.